எண்பத்தொரு அடுப்பு

போன வாரம் பவித்ரா என்ற பெண்ணிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. நான் அவளைப் பார்த்ததே இல்லை. நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் ஏழு வருடம் நான் தேய்த்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

"வணக்கம்க்கா. நல்லாம்படுகை மேப்புல 'அடுப்பு'ன்னு ஒரு லேயர் இருக்கு. பூரா செவப்புப் புள்ளி. எதுக்குன்னு இங்க யாருக்குமே தெரியல. அடுத்த மன்றக் கூட்டத்துக்கு மேப் போகணும். டெலிட் பண்ணிரவா?"

'வெயிட்' என்று மட்டும் பதில் போட்டேன். பிறகு அந்த வெயிட் எதற்கு என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். வாட்ஸ்அப்பில் அடங்கவில்லை. அதுதான் இது.

எனக்கு வயது முப்பத்தொன்று. ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒப்பந்தப் பணியாளருக்குப் பிரிவு உபசாரம் கிடையாது, சால்வை கிடையாது. அடையாள அட்டையை வாங்கிக்கொள்வார்கள், முடிந்தது. அதனால் எனக்கு நானே ஓய்வு கொடுத்துக்கொண்டேன். இப்போது தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில் இருந்தபடி, நான் போகப்போகாத ஏதோ ஒரு நாட்டு வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் வரைகிறேன். நாள் முழுக்க யாரிடமும் பேச வேண்டியதில்லை. முதல் மாதம் அது சுகமாக இருந்தது.

படித்தது சிவில். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கல்லூரியில் வீடு கட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே வேலை, கட்டலாமா கூடாதா என்று சொல்வது. முதல் மாதத்திலேயே அது பிடிபட்டுவிட்டது. மனைப்பிரிவு வரைபடம் சரிபார்ப்பேன், கட்டட அனுமதி கேட்டு வரும் ஃபைலுக்கு எண் போடுவேன், மேப் வரைவேன். எங்கள் பிரிவில் மொத்தம் மூன்று பேர். நான், ஆய்வாளர் ஞானசேகரன் சார், அலுவலக உதவியாளர் சரோஜா அக்கா.

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் மேசைக்கும் என் மேசைக்கும் இடையே ஆறடி இருக்கும். ஏழு வருடத்தில் அவர் என்னிடம் வாய் திறந்து பேசியதைச் சேர்த்தால் ஒரு மணி நேரம் தேறாது. எல்லாமே ஃபைலில்தான். நான் குறிப்பு எழுதி வைப்பேன். சரோஜா அக்கா அதை எடுத்துக்கொண்டு ஆறடி நடந்து அவர் முன்னால் வைப்பார். சார் கண்ணாடியைக் கழற்றி, சட்டைப்பை ஓரத்தில் துடைத்து, மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிப்பார். நேற்று படித்த பக்கத்தையும் மறுபடி படிப்பார். சரியாக இருந்தால் கையெழுத்து. இல்லையென்றால் ஓரத்தில் நீல மையில் ஒரே சொல்: 'பேசுக'. நேரில் வந்து விளக்கம் சொல் என்பது அதற்கு அலுவலக அர்த்தம். ஃபைல் ஆறடி திரும்பி வரும். நான் எழுந்து ஆறடி போய் நிற்பேன்.

"ஏம்மா, அவரு எதிர்லதான ஒக்காந்திருக்காரு. வாயத் தொறந்து கூப்ட்டா கொறஞ்சா போயிருவாரு? எம் முட்டி தேயுது" என்பார் சரோஜா அக்கா.

"அவர்ட்டயே கேளுங்கக்கா."

"கேட்டுட்டேன். எழுதிக் குடுன்னுட்டாரு."

ஒருநாள் நானே துணிந்து, "சார், வாட்ஸ்அப்பாவது பண்ணலாம்ல" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "அது ரெக்கார்டு ஆவாதும்மா" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். மதியம் பீரோவுக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. அப்போது நான் அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

நல்லாம்படுகை எங்கள் ஊருக்கு ஆற்றைத் தாண்டி இருக்கும் ஊராட்சி. முக்கால்வாசி வயல். அதை எங்கள் நகராட்சியோடு இணைத்தார்கள். இணைத்ததும் அங்கே நூறு நாள் வேலை நின்றது. பதிலுக்கு எங்கள் குப்பை வண்டி பாலம் ஏறிப் போனது. அடுத்து வந்தது பெரிய கேள்வி. அந்த நிலத்தில் எவ்வளவு நெருக்கமாக வீடு கட்ட விடலாம்?

அதை முடிவு செய்ய ஒரு முறை வைத்திருந்தார்கள். இப்போது எந்தத் தெருவில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று எண்ண வேண்டும். குடும்பத்துக்கு ஒரு புள்ளி. புள்ளி நெருக்கமாக விழுந்த இடத்துக்கு மேப்பில் ஆரஞ்சு நிறம். அங்கே சின்ன மனையிலும் கட்டலாம், மாடிமேல் மாடி எடுத்து இன்னொரு குடும்பம் வைக்கலாம். புள்ளி சிதறலாக விழுந்த இடத்துக்கு மஞ்சள். அங்கே பெரிய மனை மட்டும்தான், ஒரு மனைக்கு ஒரு வீடுதான். எண்ணுவது, புள்ளி வைப்பது, நிறம் அடிப்பது மூன்றும் என் வேலை.

கோடையில் போனேன். ஊரில் பெரிய தெரு இருக்கிறது, நிலம் உள்ளவர்கள். வாய்க்காலை ஒட்டிக் கீழத்தெரு. அந்தக் காலத்தில் பண்ணை வேலை செய்தவர்கள். இப்போது அங்கே டீச்சர் உண்டு, டிரைவர் உண்டு, குத்தகைக்கு நிலம் எடுத்துச் சொந்தமாகப் பயிர் வைப்பவர்களும் உண்டு. மனை மட்டும் அதே மூன்று சென்ட். டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.

"நகராட்சிலேர்ந்து வர்றேங்க. இந்த வீட்டுல எத்தன குடும்பம்?"

"ஒரே குடும்பந்தாங்க."

அடுத்த வீட்டில், "ஒண்ணுதாங்க." அதற்கடுத்த வீட்டில், உள்ளே மூன்று மருமகள்கள் எட்டிப் பார்க்க, "எல்லாம் ஒண்ணாத்தாங்க இருக்கோம்." கீழத்தெருவில் முப்பத்தெட்டுக் கதவு. முப்பத்தெட்டு என்று பதிந்துகொண்டு மோர் குடித்துவிட்டு வந்தேன்.

இதில் என்னை நானே மன்னிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. எனக்கு ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். இந்த விளையாட்டை நாங்களே ஆடியிருக்கிறோம். வீட்டு வரிக்கு ஆள் வந்தால் ஒரே குடும்பம். புது ரேஷன் கார்டுக்கு விசாரணை வந்தால், தனிச் சமையல் காட்ட வேண்டும் என்பதற்காக அண்ணன் அடுப்பு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடும். அன்றைக்கு நாங்கள் இரண்டு குடும்பம். விசாரிக்க வந்தவர் போன பிறகு அண்ணி அங்கேயே எங்களுக்குச் சேர்த்து டீ போட்டுக் கொண்டுவருவாள். டேப்லெட்டோடு வருகிறவளை எல்லோரும் வரிக்காரி என்றுதான் நினைப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்த திமிர். தெரியவில்லை.

என் மேப்பில் கீழத்தெரு மஞ்சள் ஆனது.

மன்றக் கூட்டம் எப்போதும் பத்து நிமிடம்தான். பொருள் எண்ணை வாசிப்பார்கள், "ஆல் பாஸ்" என்று குரல் வரும், வடை வரும். அன்று வடை ஆறிப்போனது. நல்லாம்படுகையிலிருந்து ஜெயித்து வந்த கவுன்சிலர் கல்யாணசுந்தரம் எழுந்து நின்றார்.

"முப்போகம் வெளஞ்ச மண்ணுங்க அது. அங்க பொட்டி பொட்டியா அடுக்க விடமாட்டோம். நகராட்சி மேப்பே மஞ்சள்னுதான் சொல்லுது. அப்படியே பாஸ் பண்ணுங்க."

டவுன் வார்டு ஜெயந்தி மேடம் விடவில்லை. "பத்து சென்ட் பத்து சென்ட்டாப் போட்டு வெளிநாட்டுக்காரவுங்களுக்கு விக்கறதுக்குப் பேருதான் வெவசாயமா? எங்க வார்டுல ஒரு சந்துல நாப்பது குடும்பம் மூச்சு முட்டுது. அங்க அடுக்குமாடி விடுங்க."

"ஒங்க சந்தை எங்க வயல்ல கொண்டாந்து கொட்டுவீங்களா?"

இப்படியே ஒரு மணி நேரம். வயலைப் பற்றிப் பேசினார்கள், டவுனைப் பற்றிப் பேசினார்கள். கீழத்தெரு என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள்.

அதற்கு இரண்டாம் நாள் ஒரு பெண் என் மேசைக்கு வந்தார். அரசு மருத்துவமனை நர்ஸ், பெயர் தேன்மொழி. டியூட்டி முடித்து நேராக வந்திருந்தார். கீழத்தெருவில் வாய்க்கால் ஓரம் கடைசி வீடு அவர்களுடையது. கணவர் இறந்தபின் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். ஒரே கூரைக்குக் கீழே அம்மா, அண்ணன் குடும்பம், இவர். மனை அம்மா பெயரில். மேலே ஒரு மாடி எடுத்துத் தனக்கென்று ஒரு கதவு வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. அனுமதி ஃபைல் என்னிடம்தான் இருந்தது. மஞ்சள் முடிவானால் அது செத்துவிடும்.

"எண்ண வந்த மேடம் நீங்கதானா?"

"ஆமாங்க."

"மோர் குடிச்சீங்களாமே. எங்கம்மா சொன்னாங்க. மோர் குடுத்தவங்க எந்த அடுப்புன்னு பாத்தீங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"எங்க வீட்டுல ரெண்டு அடுப்புங்க. எனக்கு டூட்டி நேரம் வேற, நான் தனியாத்தான் சமைக்கிறேன். ரேஷன் கார்டும் தனி. எங்க தெருவுல ஒரு கதவுக்கு ரெண்டு, மூணு இருக்கும். நீங்க கதவ எண்ணிட்டுப் போய்ட்டீங்க."

அப்போதுதான் என் அண்ணனின் அடுப்பு ஞாபகத்துக்கு வந்தது. காது சுட்டது.

சம்பா நடவு சமயம். ஆறு மணிக்கெல்லாம் தெருவே வயலில் இருக்கும். அதனால் விடிவதற்குள் ஸ்கூட்டியில் போனேன். யாரிடமும் கேள்வி கேட்காமல் தெருவில் நடந்தேன். ஒரு கதவுக்குள்ளிருந்து மூன்று குக்கர் விசில், மூன்றும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தன. கொல்லைப்புறத்தில் விறகுப் புகை. வீட்டை ஒட்டி இறக்கிய சார்ப்பில் ஒரு கேஸ் அடுப்பு, அதன் பக்கத்தில் நின்று ஒரு பெண் கொழுந்தனின் மனைவியிடம் கறிவேப்பிலை கடன் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் விசிலை வைத்து அரசாங்கத்தில் எதுவும் எழுத முடியாது. அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை.

"மூணு வரி போடுவீங்க. எங்களுக்குத் தெரியாதாக்கும்" என்றார் ஒருவர்.

தேன்மொழியின் அம்மா மகளிடமே பாய்ந்தார். "ஏண்டி, ரெண்டு குடும்பம்னு நீயே ஆளக் கூட்டியாந்து எழுதச் சொல்றியா? அண்ணனும் தங்கச்சியும் பிரிஞ்சிட்டாங்கன்னுல்ல ஊரு பேசும்."

அண்ணன் துண்டைத் தோளில் போட்டபடி வாசலில் நின்றார். ரேஷனுக்குச் சொல்வது வேறு, அது ஒரு நாள் நாடகம். தெருவே கேட்கும்படி சொல்வது வேறு. தேன்மொழி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தெக்கால எனக்குத் தனி அடுப்பு. எழுதிக்க வித்யா" என்றார். மேடம் போய்விட்டது.

எழுதினேன். அண்ணன் வயலுக்கு நடந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு மருமகள், "எங்களுக்கு மூணுங்க" என்றாள். அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மூன்று காலை போனேன். எண்பத்தொரு அடுப்பு.

அலுவலகம் வந்து, மேப்பின்மேல் வேண்டும்போது காட்டி வேண்டாதபோது மறைக்கிற மாதிரி புதிதாக ஒரு லேயர் போட்டு, சிவப்பில் எண்பத்தொரு புள்ளி வைத்தேன். கீழத்தெரு ஆரஞ்சையும் தாண்டிச் சிவந்து கிடந்தது. குறிப்பு எழுதி ஃபைலில் வைத்தேன். ஆறடி போய், ஆறடி வந்தது. 'பேசுக'.

"மொதக் கணக்கு எடுத்தது யாரு?" என்றார் சார்.

"நான்தான் சார்."

"ரெண்டாவது?"

"அதுவும் நான்தான் சார்."

"ஒரே ஆளு, ஒரே தெரு, ரெண்டு கணக்கு. எத நம்பறது?"

"ரெண்டாவதத்தான் சார். மொதல்ல நான் கதவ எண்ணிட்டேன்."

"அடுப்புங்கற சொல்லு நம்ம விதிலயே இல்லம்மா."

"குடும்பம்ங்கற சொல்லு இருக்குல்ல சார்."

கண்ணாடியைத் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார். "வைங்க" என்றார். ஃபைல் அவர் மேசையின் வலது மூலைக்குப் போனது. அந்த மூலைக்குப் போன ஃபைல்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த கூட்டத்தில் புரொஜெக்டரை ஓட்டியவள் நான். திரையில் பழைய மஞ்சள் மேப். கல்யாணசுந்தரம் சார் குச்சியை வைத்துத் தொட்டுக் காட்டினார். "பாருங்க, இந்தக் கீழத்தெருவுலயே மொத்தம் முப்பத்தெட்டுக் குடும்பந்தான். அரசாங்கக் கணக்குங்க, எங்க கணக்கில்ல." பின்வரிசையில், பார்வையாளர் பெஞ்சில் தேன்மொழி உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் லேப்டாப். அடுப்பு லேயரைத் திரைக்குக் கொண்டுவர ஒரே ஒரு டிக் போதும். ஞானசேகரன் சார் ஓரமாக நின்று ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிக் போட்டுவிட்டேன்.

திரை முழுக்கச் சிவப்பு.

"என்னம்மா இது, அம்மை போட்ட மாரி?" என்றார் நகராட்சித் தலைவர்.

"அடுப்புங்க சார்."

சிரிப்பு அடங்கவே நேரம் பிடித்தது. பிறகு நான் எழுந்து, முதல் கணக்கு என் தப்பு என்று சொன்னேன். நான் பேசுவதற்கு அங்கே அனுமதியே கிடையாது. கத்தல், ஃபைல் தட்டல், எல்லாம் ஆனபின் தலைவர் சொன்னார்: பொருள் ஒத்திவைக்கப்படுகிறது, ஆய்வாளர் நேரில் கள ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். தேன்மொழி வெளியே வந்து என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு சாரிடமிருந்து 'பேசுக'கூட வரவில்லை. நான்கு மாதம். ஃபைல் போகும், கையெழுத்தோடு வரும். சரோஜா அக்கா மட்டும் நடந்துகொண்டிருந்தார். ஒரு சில நாள் சார் காலையில் தாமதமாக வருவார், செருப்பில் சேறு இருக்கும். நான் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கோபத்தில் இருக்கிறார், என்னால் அவருக்கு மெமோ வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே அறையில் ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்கும்படி உட்கார்ந்துகொண்டு நான்கு மாதம் அப்படி ஓடியது.

பிறகு, என்னை ஒப்பந்தத்தில் அனுப்பிச் சம்பளம் போடும் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது: ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் சாயங்காலம் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது சரோஜா அக்கா ஒரு ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார். ஓரத்தில் நீல மையில் 'பேசுக'. எந்த ஃபைல் என்றுகூட நான் பார்க்கவில்லை. ஏழு வருடம் அவர் எழுதிய சொல்லுக்கு எழுந்து போனேன், இன்றைக்கு அவர் எழுந்து வரட்டும் என்று தோன்றியது. அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன். கீழே போய்த் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

இவ்வளவும் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பவித்ராவிடம் நல்லாம்படுகை ஃபைலைத் தேடச் சொன்னேன். கிடைத்தது. குறிப்புப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். என் குறிப்புக்குக் கீழே சாரின் கையெழுத்து, தேதி என் கடைசி நாளுக்கு முந்தின நாள்.

'மூன்று காலை நேரில் சென்று எண்ணினேன். கீழத்தெருவில் அடுப்பு எண்பது. ஒப்பந்தப் பணியாளர் செல்வி வித்யா பின்பற்றிய முறையே சரி. முதல் கணக்கை நீக்கி, இதை மன்றத்தின் முன் வைக்கலாம்.' ஓரத்தில், எனக்கு: 'பேசுக'.

"சார் போன வருஷமே ரிட்டயர்டாம்க்கா. ஆணையர் மாறிட்டதால ஃபைல் அப்படியே கெடந்துருக்கு. இப்பதான் எடுத்திருக்காங்க. சார் நம்பர் யார்ட்டயும் இல்ல" என்று எழுதியிருந்தாள் பவித்ரா.

நான் அந்த எண்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பத்தொன்று அல்லவா? நேற்றுப் படித்த பக்கத்தையும் மறுபடி படிக்கிற மனுஷர் ஒன்றைக் கோட்டை விட்டிருக்க மாட்டார். இரண்டு நாள் கழித்து, தயங்கித் தயங்கி, தேன்மொழி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"வித்யாவா? நான் சீர்காழில இருக்கேன்" என்றார். "மாத்தல் வாங்கிட்டு வந்துட்டேன். கூட்டம் நடந்து ரெண்டு மாசத்துலயே."

"ஏங்க்கா?"

"அன்னிக்கித் தெருவுல வச்சு எழுதுனோம்ல. அண்ணன் அப்பறம் எங்கிட்டப் பேசவே இல்ல. திட்டிருந்தாக்கூடத் தேவல. மேல கட்டறதும் ஒத்திவச்சிட்டாங்க, கீழ எங்க ஒக்கார்றது? நீ ஒண்ணும் நெனச்சுக்காத. நான்தான எழுதச் சொன்னேன்."

"இப்ப எங்கக்கா தங்கியிருக்கீங்க?" என்றேன்.

"இங்க ஒரு ரூம்பு, ஒரு அடுப்பு. எண்ண ஆளே வர வேணாம்" என்று சிரித்தார். பிறகு, "நீ யாரு கூட இருக்க?" என்றார்.

"தனியாத்தாங்க்கா."

"சமைக்கிறியா, கடையா?"

"கடைதாங்க்கா."

"அப்ப ஒனக்குப் புள்ளியே கெடையாது" என்றார். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார்.

பவித்ராவுக்கு எழுதினேன். லேயரை டெலிட் பண்ணாதே. அதுதான் அந்தத் தெருவின் குடும்பக் கணக்கு. யாராவது கேட்டால் சாரின் குறிப்பைக் காட்டு, எண்பதுதான் சரி. மேப்பில் எண்பத்தொன்று இருக்கும். வாய்க்கால் ஓரம் கடைசி வீட்டைப் பெரிதாக்கிப் பார், அதில் இரண்டு புள்ளி தெரியும். தெற்கே இருப்பதை மட்டும் எடுத்துவிடு.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

"எடுத்துட்டேன்க்கா. வேற எதுவும் இருக்கா?"

இல்லை என்று போட்டேன்.